ஓடாவியும் பாதைக்காரரும்

பெரிய கப்பல்களைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். எத்தனை அடி நீளம், எத்தனை ஆயிரம் தொன், எந்தக் கடலில் ஓடியது என்று. கப்பல் கட்டுகிற வேலையிலும் திருத்துகிற வேலையிலும் ஆயுளைக் கழித்த இஞ்சினியர் என்று ஊரில் பெயர் விழுந்துவிட்டது; கேட்கத்தான் செய்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் கை அந்தப் பக்கம் போவதில்லை. மண்முனைத் துறைக்குப் போகிறது. காத்தான்குடி ஆத்தங்கரையில் மரச்செதிலும் சுறா எண்ணெயும் மணந்துகொண்டிருந்த ஓர் ஓலைக் கொட்டிலுக்குப் போகிறது. அந்தக் கொட்டில் இப்போது இல்லை. அங்கே நின்றவர்களிலும் பலர் இல்லை. கப்பல்களுக்குப் பதிவேடு இருக்கிறது. இவர்களுக்கு இல்லை.

நான் பிறந்தது ஆரையம்பதி. கிழக்கே கடல், மேற்கே வாவி. நாங்கள் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். வடக்கிலிருந்து தெற்காக 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிற தண்ணீர். கடலோரமாகக் கிடப்பது எழுவான்கரை, அக்கரை படுவான்கரை. நெல்லும் தயிரும் விறகும் படுவான்கரையில் கிடைக்கும். பெரிய ஆஸ்பத்திரியும் கச்சேரியும் எழுவான்கரையில். ஆகவே சனம் ஆறு தாண்டியே ஆகவேண்டும். மண்முனையிலிருந்து கொக்கட்டிச்சோலைக்குப் போகிறவர்களுக்கு இருந்த ஒரே நேர்வழி 'பாதை'. வள்ளங்களைச் சோடி சேர்த்து மேலே பலகை அடித்த மிதவை அது. மாடு ஏறும், வண்டில் ஏறும், நெல் மூட்டை ஏறும். தான்தோன்றீச்சரர் கோயில் தேருக்குப் போகிற சனம் முழுவதும் அதில்தான் ஏறும். வயிற்றுப்பிள்ளைக்காரிகளை வாங்கில் படுக்கவைத்து அதில்தான் கொண்டுவருவார்கள்.

அப்பா மீன்பிடிகாரர். தோணி பழுதானால் காத்தான்குடிக்குக் கொண்டுபோவார். ஆரையம்பதியும் காத்தான்குடியும் அடுத்தடுத்த ஊர்கள். ஒன்று தமிழ், ஒன்று முஸ்லிம். அங்கே ஆத்தங்கரையில் ஓடாவிக் காக்காவின் பட்டறை. அவருடைய பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சிறிய உடம்பு, கட்டம்போட்ட சாரன், வெற்றிலையில் சிவந்த வாய். இடது இமையின் மேல் எப்போதோ சிராய் தெறித்த தழும்பு. உற்றுப் பார்க்கும்போது அந்தக் கண் பாதி மூடிக்கொள்ளும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் நிற்பேன்.

கலப்பற்று அடிப்பதைப் பார்க்கத்தான் போவேன். பஞ்சைத் தொடையில் வைத்து முறுக்கித் திரியாக்கி, பலகைகளின் இடுக்கில் வைத்து, மழுங்கல் உளியால் தட்டி இறக்குவார். முதலில் சத்தம் அடங்கி விழும். இடுக்கு நிரம்ப நிரம்பச் சத்தம் ஏறும். ஒரு கட்டத்தில் 'டங்' என்று கணீரெனக் கேட்கும். அதற்குப் பிறகு ஓர் அடிகூட அடிக்கமாட்டார். கூட அடித்தால் பலகை விலகிவிடும். பிறகு குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசுவார். அந்தப் புகை கண்ணைக் கரிக்கும். ஆனாலும் எழும்பிப் போக மனம் வராது.

"இரும்பு பூட்டுறவன் அவசரப்படலாம் தம்பி, மரம் பூட்டுறவன் அவசரப்படக் கூடா" என்பார். பிறகு நான் இரும்பு பூட்டப் போனேன். அங்கேயும் அவசரப்படக் கூடாது என்றுதான் சொல்லித் தந்தார்கள்.

கொழும்பு டொக்யார்ட் 1974இல் தொடங்கியது. தொடங்கிய காலத்திலேயே பயிலுனராகப் போய்ச் சேர்ந்தேன். உலர்துறைக்குள் முதன்முதல் ஒரு கப்பல் ஏறியதைப் பார்த்தபோது மூச்சு நின்றுபோயிற்று. கதவை அடைத்துத் தண்ணீரை இறைக்க இறைக்க, அதுவரை கடலுக்குள் ஒளிந்திருந்த பாதிக் கப்பல் மெல்ல வெளியே வந்தது. கீழே வரிசையாக அடுக்கிய மரக்கட்டைகளின் மேல் அதன் ஏரா வந்து குந்தியது. பாசியும் சிப்பியும் சேறும் கலந்த வாடை குப்பென்று ஏறியது. எவ்வளவு பெரிய கப்பலென்றாலும் அடியில் நின்று பார்த்தால் ஓடாவிக் காக்காவின் தோணிதான்: அடியில் ஏரா, விலாவாக வங்கு, முன்னே அணியம்.

எனக்கு வேலை பழக்கியவர் காலிப் பக்கத்துச் சிங்களவர். நான் அவரைப் பாஸ் என்பேன். அவர் என்னை மல்லி என்பார். தண்டுக்குப் பெயாரிங் பொருத்துவதை அவரிடம்தான் கற்றேன். தண்டில் நீலச் சாயத்தை மெல்லிசாகப் பூசி, வெள்ளை உலோகம் வார்த்த பெயாரிங்கில் கிடத்தி ஒரு சுற்றுச் சுற்றித் தூக்கினால், மேடான இடங்களில் மாத்திரம் நீலம் ஒட்டியிருக்கும். அந்த மேட்டை மட்டும் சுரண்டவேண்டும். மறுபடி நீலம், மறுபடி சுற்று, மறுபடி சுரண்டல். நீலம் எங்கும் சமமாகப் பரவும்வரை நாள் முழுக்க இதே வேலை. பொறுமை கெட்டுக் கை அழுத்தினால் பக்கத்தில் நின்று, "ஹெமின், மல்லி, ஹெமின்" என்பார். மெதுவாக, தம்பி.

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தபோது நான் லீவில் ஊரில் நின்றேன். கூரை போனது, அடுத்த வீட்டுக் கூரை எங்கள் வளவுக்குள் வந்தது, சுவரோடு சுவராக அம்மாவைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தோம், காற்று திடீரென்று நின்று மறுபக்கத்தால் திரும்ப வந்தது. விடிந்தபோது நிமிர்ந்து நின்ற தென்னை ஒன்றைக் காணவில்லை. மட்டக்களப்புத் தென்னையில் பத்தில் ஒன்பது பங்கு அந்த ஒரே இரவில் போயிற்று. ஆயிரத்தை ஒட்டிய உயிர்கள் போயின. ஆற்றில் தோணி என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

மழை விட்டதும் ஓடாவிக் காக்கா கோடரியும் கயிறுமாக வெளிக்கிட்டார். விழுந்த மரங்களுக்குள் நுழைந்து நுழைந்து பார்த்தார். அவருக்கு வேண்டியது வளைந்த கொப்பு. வங்குக்கு நேர்மரத்தை அறுத்து வளைவு எடுத்தால் நார் அறுந்து பலம் போய்விடும். மரம் தானாக வளைந்து வளர்ந்த இடமாகப் பார்த்து வெட்டவேண்டும். பூவரசில் அப்படி அகப்படும். நானும் கூடப் போனேன். செத்த மாட்டின் நாற்றத்துக்கும் பிளந்த பச்சை மரத்தின் வாசத்துக்கும் நடுவில் அவர் ஒவ்வொரு கொப்பையும் கையால் தடவி, கண்ணைப் பாதி மூடி அளவு பார்த்தார்.

"கவலப்பட்டுக்கிட்டு இருக்க நேரமில்ல தம்பி. ஆத்துல ஒரு தோணி இல்ல. சனம் என்னத்தத் திங்கிற?"

அந்த மரத்தில் அவர் கட்டிய தோணிகள் பல வருடங்கள் ஆற்றில் ஓடின. தமிழருக்கும் முஸ்லிமுக்கும் கட்டினார். காசு இல்லை என்றவர்களிடம் மீனாகத் தா என்றார். மண்முனைப் பாதையின் உடைந்த வள்ளங்களையும் அவர்தான் திரும்பக் கட்டிக் கொடுத்தார்.

1983இல் எங்கள் யார்டில் கடற்படைக்காக ரோந்துக் கப்பல்கள் இரண்டு உருவாகிக்கொண்டிருந்தன: ஜயசாகர, சாகரவர்தன. அந்த வேலையில் நானும் நின்றவன். ஜூலை 25 திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்துவிட்டேன். பத்து மணிக்குள் ஊருக்கு மேலே புகை. வெள்ளவத்தைப் பக்கம் எரிகிறது என்றார்கள், கோட்டையில் கடைகள் எரிகின்றன என்றார்கள், பஸ்ஸை மறித்துப் பெயர் கேட்கிறார்கள் என்றார்கள். பாஸ் ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பிடித்து, டொக்கில் ஏறிநின்ற ஒரு வெளிநாட்டுச் சரக்குக் கப்பலின் ஏணியால் கீழே கீழே கூட்டிப்போய் இஞ்சின் அறைக்குள் விட்டார். இருந்த ஒரே லைட்டையும் அணைத்தார்.

ஓடாத இஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் குளிர் தெரியும். டீசலும் பழைய கிறீஸும் மணக்கும் இருட்டு. மேலே இரும்புத் தட்டில் யாராவது நடந்தால் அந்தச் சத்தம் என் முள்ளந்தண்டில் இறங்கும். இரவில் பாஸ் சோற்றுப் பார்சலோடு வந்தார். நான் சாப்பிட்டு முடியும்வரை எதிரே குந்தியிருந்தார். டோர்ச் வெளிச்சத்தில் அவருடைய முகத்தைப் பார்த்தேன், வெட்கத்தால் சுருங்கிப்போயிருந்தது. செய்தது அவரில்லை. ஆனாலும் வெட்கப்பட்டார். பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாம்வரை என்னைத் தன் சைக்கிளில் ஏற்றிப்போய் விட்டார். அதுதான் அவரை நான் கடைசியாகக் கண்டது.

முகாமிலிருந்து எங்களில் பலரை 'லங்கா கல்யாணி' என்ற சரக்குக் கப்பலில் காங்கேசன்துறைக்கு ஏற்றினார்கள். சாமான் ஏற்றுகிற இடத்தில் சனம் நெருங்கிக் கிடந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா, மடியில் திறப்புக் கொத்தை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். அலுமாரித் திறப்பு, முன் கதவு, பின் கதவு. வீடு எரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். எண்ணி முடித்துத் திரும்பவும் எண்ணினார். கப்பல் புறப்பட்டதும் என் உள்ளங்காலில் இஞ்சினின் அதிர்வு ஏறியது. எந்த வேகத்தில் ஓடுகிறது என்று அதிலேயே சொல்லிவிடுவேன். மற்றவர்கள் அழுதுகொண்டிருக்க நான் அதையே கேட்டுக்கொண்டு கிடந்தேன். வேறு எதையும் பிடித்துக்கொள்ள இருக்கவில்லை.

காங்கேசன்துறையிலிருந்து ஊருக்கு வந்து வாவியோடு சேர்ந்துவிட்டேன். தோணிக்கு வெளி இஞ்சின் பூட்டினேன், வள்ளங்களின் தண்டு திருத்தினேன், மண்முனைப் பாதைக்கு ஒற்றைச் சிலிண்டர் டீசல் இஞ்சின் ஒன்றைப் பொருத்தினேன். பெரிய கப்பலில் படித்ததெல்லாம் அந்தச் சின்ன இஞ்சினுக்குப் போதவில்லை என்று தோன்றும் நாட்களும் உண்டு. மண் தண்ணீர், உப்பு, தரமில்லாத எண்ணெய். உதிரிப்பாகம் கிடைக்காது, கடைந்துதான் எடுக்கவேண்டும். நகரில் யேசுசபையினரின் ஈஸ்டர்ன் டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட் பொடியன்களுக்குத் தொழில் பழக்கியது. அதைப் பார்த்துக்கொண்டவர் அமெரிக்கரான யூஜின் ஹேபர்ட் அடிகளார். கூடைப்பந்து பழக்குபவர் என்று முழு மட்டக்களப்புக்கும் தெரிந்தவர். ஸ்கூட்டரில் அவர் போவதை யார் கண்டாலும் கையைத் தூக்குவார்கள்.

பாதையை ஓட்டியவர் மகிழடித்தீவுக்காரர். என்னைவிடச் சில வயது மூத்தவர். அண்ணன் என்றே கூப்பிடுவேன். கறுத்து நெடுத்த ஆள். அதிகம் கதைக்கமாட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களிடமும் காசு வாங்கமாட்டார். இஞ்சினைக் கைபிடி போட்டுச் சுற்றித்தான் ஸ்டார்ட் பண்ணவேண்டும். பின்னுக்கு உதைத்தால் மணிக்கட்டை முறித்துவிடும். அதனால் வேறு யாரையும் சுற்ற விடமாட்டார். அந்திப்பட்டதும் கைபிடியைக் கழற்றிச் சாரன் மடிப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போவார். இரவில் யாரும் பாதையைக் கொண்டுபோகக் கூடாதாம்.

1990 ஜூனில் யுத்தம் மறுபடி வெடித்தது. ஆமி வருகிறது என்றதும் எழுவான்கரைச் சனம் ஆற்றைப் பார்த்து ஓடியது. கிழவிகளைக் கதிரையோடு தூக்கிவந்தார்கள், பிள்ளைகளை யார் யாரோ தூக்கிவந்தார்கள், பாதையில் இடமில்லை, தோணிகளை இழுத்துக் கட்டினோம், வெளிச்சம் கூடாது, பீடி கூடாது, மேலே ஹெலி சுற்றினால் இஞ்சினை நிறுத்திச் சவளைப் போடு, நடு ஆற்றில் ஒரு பிள்ளை வீரிட்டு அழுதது, தாய் வாயைப் பொத்தினாள், அண்ணன் அவள் கையை மெல்ல எடுத்துவிட்டு "அழட்டும் புள்ள" என்றார். அவ்வளவுதான் அவர் அன்றிரவு பேசியது.

பிறகு ஓகஸ்ட் வந்தது. 3ஆம் திகதி இரவு காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்களைச் சுட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள். சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். சுட்டவர்கள் தமிழ்ப் பொடியன்கள், விடுதலைப் புலிகள். இதை வேறு மாதிரிச் சொல்ல எனக்கு வாய் வராது. வெடிச்சத்தம் எங்கள் வளவுக்குக் கேட்டது. ஓடாவிக் காக்காவின் பேரன் அந்தத் தொழுகையில் நின்றவன். பட்டறையில் உளி எடுத்துக் கொடுக்கும் பிள்ளை. தாத்தாவைப் போலவே கண்ணைச் சுருக்கிப் பார்ப்பான். காத்தான்குடிக்கும் ஆரையம்பதிக்கும் நடுவில் இருந்த தெரு அன்றோடு மூடிக்கொண்டது. மையத்துக்குப் போகவும் வழியில்லை. ஒன்பது நாளில் ஏறாவூரில் இன்னொரு கொலை. பழிக்குப் பழியாகத் தமிழ்க் கிராமங்களிலும் கொலைகள் விழுந்தன.

அதே மாதம் 15ஆம் திகதி ஹேபர்ட் அடிகளார் வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்கு வெளிக்கிட்டார். கலவரத்தில் அகப்பட்ட கன்னியாஸ்திரிகளுக்கு உதவப் போயிருந்தவர். பின்னால் ஒரு தமிழ் இளைஞன் இருந்தான். ஏறாவூரைத் தாண்டி இருவரும் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. செப்டெம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாக இருந்தவர்களில் 150க்கும் மேற்பட்டவர்களை ஆமி கொண்டுபோனது. சில நாளில் சத்துருக்கொண்டானில் இன்னொரு படுகொலை. ஒவ்வொரு பெயரையும் கேள்விப்பட்டு, அதைத் தாங்கிக்கொள்ளுமுன் அடுத்தது வந்தது.

ஆறு இரண்டு அரசாங்கங்களுக்கு நடுவில் எல்லையாகிவிட்டது. இக்கரையில் ஆமி, அக்கரையில் இயக்கம். பற்றறி கொண்டுபோகக் கூடாது, எண்ணெய்க்கு அளவு, இஞ்சினுக்கு அளவு. அண்ணன் பாதையை ஓட்டிக்கொண்டே இருந்தார். பிள்ளைகளுக்குச் சோதனை வரும், நெல் சந்தைக்குப் போகவேண்டும், யாருக்காவது வயிற்றுவலி வரும்.

1991 ஜூன் 12ஆம் திகதி. கொக்கட்டிச்சோலைப் பக்கம் கண்ணிவெடியில் படையினர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மகிழடித்தீவுக்குள்ளும் முனைக்காட்டுக்குள்ளும் ஆமி இறங்கியது. நான் மண்முனைக் கரையில் நின்றேன். முதலில் வெடி, பிறகு புகை, தண்ணீருக்கு மேலால் வருகிற கூக்குரல். வாவியில் சத்தம் தெளிவாகக் கேட்கும். பாதை எங்கள் கரையில் நின்றது. ஸ்டார்ட் பண்ணக் கைபிடி இல்லை. அது அண்ணனோடு அக்கரையில். சனம் நெல் ஆலைக்குள் ஓடி ஒளிந்தது, ஆலைக்குள் வந்து சுட்டார்கள். அண்ணனும் அதற்குள் இருந்தார். மகிழடித்தீவில் இன்று ஒரு நினைவுத்தூண் நிற்கிறது.

அடுத்த சில நாளில் தோணியில் போய்ப் பார்த்தோம். ஆலையில் உமியின் வாசம் இருந்தது. உமியோடு மற்றதும் இருந்தது. அதற்கு மேல் எழுத முடியவில்லை.

அதன்பின் ஊரில் நிற்க முடியவில்லை. துபாய்க்குப் போனேன். அங்கே உலர்துறையில் பெரிய எண்ணெய்க் கப்பல்கள். கை நிறைய வேலை, வீட்டுக்குக் காசு. சொல்வதற்கு அவ்வளவுதான். 1994 செப்டெம்பரில் ஒருநாள், சாகரவர்தனவை மன்னார்க் கடலில் கடற்புலிகள் மூழ்கடித்தார்கள் என்று ரேடியோவில் கேட்டேன். கூட இருந்த தமிழ்ப் பொடியன்கள் சிலர் ஆரவாரித்தார்கள். நான் எழும்பி வெளியே போனேன். அந்தக் கப்பலின் வங்குகள் வெறுமையாக நின்றதைப் பார்த்தவன் நான். இஞ்சின் அறை எங்கே, ஏணி எங்கே, அங்கே நிற்கிறவன் மேலே ஓடிவர எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்பது எனக்குத் தெரியும். கீழே நின்ற பொடியன்கள் காலிப் பக்கத்துக்காரர்களாக இருக்கலாம், பாஸின் ஊர்க்காரர்களாக இருக்கலாம். கப்பலின் தலைவர் அஜித் போயகொட பிடிபட்டு எட்டு வருடம் புலிகளின் சிறையில் கிடந்து 2002இல் விடுதலையானார். அந்தச் செய்தியைப் படித்த அன்று நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

அதே வருடம் பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது. நானும் ஊருக்கு வந்தேன். முதல் வேலையாகக் காத்தான்குடிக்குப் போனேன். ஓடாவிக் காக்காவுக்குக் கண் ஏறக்குறைய போய்விட்டது. குரலைக் கேட்டதும் கையை நீட்டி என் விரல்களைத் தடவினார். பெருவிரலில் இருக்கும் பழைய வெட்டுக் காயத்தைக் கண்டுபிடித்து, "ஆரையம்பதித் தம்பியா" என்றார். பிறகு கேட்டார்:

"பாதைக்காரத் தம்பி என்ன பாடு?"

சொன்னேன். கனநேரம் பேசாமலிருந்தார். பிறகு பேரனைப் பற்றி அவர் சொன்னார். தொழுகைக்குப் போகும்போது கையில் மரத்தூள் ஒட்டியிருந்ததாம். கழுவிட்டுப் போ என்று அதட்டினாராம். நான் அழுதேன். அவர் மருமகளைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். அவரவர் இனத்துக்காக யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மரத்தோணியின் காலம் முடிந்திருந்தது. எல்லாரும் ஃபைபர் போட்டுக்கு மாறிவிட்டார்கள். அவருடைய மகனும் நானும் சேர்ந்து, கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் மணல் திட்டாகக் கிடந்த நாவலடிக்கு எதிர்க்கரையில் சின்னதாக ஒரு வேலைத்தலம் போட்டோம். அச்சில் மெழுகு பூசி, கண்ணாடியிழைப் பாயை விரித்து, ரெசினை உருட்டி ஏற்றுவது. ரெசினின் நெடி மண்டையைக் குத்தும். கிழவர் சிலநாள் வந்து ஸ்டூலில் இருப்பார். காய்ந்த போட்டை விரல் மொளியால் தட்டிக்கொண்டே போவார். எங்கேயாவது சத்தம் மந்தமாக விழுந்தால் நிற்பார்.

"இதுக்குள்ள காத்து இரிக்கு. வெட்டிப் பாருங்க."

வெட்டினால் இரண்டு பாய்களுக்கு நடுவில் ரெசின் ஏறாத இடம் இருக்கும். ஒருநாளும் பிழைத்ததில்லை.

2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா. மறுநாள் கொடுக்கவேண்டிய யமஹா இஞ்சினைப் பீப்பாய்த் தண்ணீருக்குள் இறக்கி ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த இரைச்சலில் முதலில் எதுவும் கேட்கவில்லை. நாவலடிச் சவுக்கு மரங்களுக்கு மேலால் கறுப்பாக ஒன்று தெரிந்தது, மரங்கள் சாய்ந்தன, அந்த மணல் திட்டை முழுவதாக மூடிக் கடல் ஆற்றுக்குள் இறங்கியது, கரையில் கட்டியிருந்த போட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின, நாங்கள் ஓடினோம், இரண்டாம் முறை வந்து வடிந்ததும் ஓடாவியின் மகன் திரும்பிப் பீப்பாயிடம் ஓடினான், இஞ்சினை இருவரும் தூக்கினோம், நிமிர்ந்து கிடந்த ஒரு போட்டில் பூட்டினோம், கயிற்றை இழுத்தேன், ஒரே இழுவையில் பிடித்தது.

ஆற்றில் தண்ணீர் தெரியவில்லை. கூரைத் தகடு, மெத்தை, காஸ் சிலிண்டர், பாலன் பிறப்புக்குக் கட்டிய கடதாசி நட்சத்திரங்கள், ஆட்கள். மண்ணெண்ணெயும் சேறும் சேர்ந்த வாடை. கதவுப் பலகையைப் பிடித்திருந்த ஒரு பெண் ஏறமாட்டேன் என்றாள். மற்றக் கையில் பிள்ளை. பிள்ளை இறந்திருந்தது. இருவரையும் ஏற்றினோம். ஒரு கிழவர் ஏறியதும் கண்ணாடியைத் தேடித் தாருங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தலையைத் தடவிக்கொடுத்தோம். காற்றாடியில் துணி சுற்றும், நிறுத்தி வெட்டி எடுப்போம், மறுபடி இழுப்போம். கோட்டைக் கரையில் இறக்கிவிட்டுத் திரும்பினோம். எத்தனை தரம் என்று இருவருமே எண்ணவில்லை. யார் தமிழ், யார் முஸ்லிம், யார் பறங்கியர் என்று சேற்றில் தெரியவுமில்லை. மாவட்டத்தில் 2,500க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். நாவலடி ஊராக மிஞ்சவில்லை.

பிறகு போட்டுகள் வரத் தொடங்கின. நல்ல மனத்தோடு தூர நாட்டுச் சனங்கள் அனுப்பிய காசு அது. ஆனால் அவசரமாகச் செய்தவை பல. பாய் ஒன்று குறைவு, ரெசின் ஒழுங்காக ஏறவில்லை, அடியில் பலம் இல்லை. தலைமயிர் முழுக்க நரைத்த ஓடாவிக் காக்காவைக் கைபிடித்துக் கரையெங்கும் கூட்டிப்போனோம். கடலுக்குத் தப்பிய மீன்பிடிகாரர்கள் சுற்றி நிற்க, கொடுக்கப்பட்ட புத்தம்புதுப் போட்டுகளைக் குருட்டுக் கிழவர் ஒவ்வொன்றாகத் தட்டினார். மந்தமாகக் கேட்ட இடங்களில் நான் சோக்கால் வட்டம் போட்டேன். வட்டம் போட்டவற்றை வெட்டித் திரும்பக் கட்டினோம். கூலி யாரும் கேட்கவில்லை. அவற்றில் எதுவும் கடலில் பிளந்ததாக நான் கேள்விப்படவில்லை.

2006இல் அவர் மௌத்தானார். இந்தமுறை ஜனாஸாவுக்குப் போனேன். சந்தூக்கில் ஒரு பக்கம் எனக்கும் தோள் கொடுக்க விட்டார்கள்.

2007 மார்ச்சில் படுவான்கரையில் மறுபடி ஷெல். 1990இல் கிழக்கேயிருந்து மேற்கே ஓடிய சனம் இப்போது மேற்கேயிருந்து கிழக்கே ஓடிவந்தது. அதே ஆறு, அதே கதிரையில் கிழவிகள். அந்த வருட நடுவில் கிழக்கில் சண்டை ஓய்ந்தது. 2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறந்தார்கள். நல்ல பாலம்; இரண்டு நிமிடத்தில் அக்கரை. வயிற்றுப்பிள்ளைக்காரிகள் இனிப் பயப்படவேண்டியதில்லை. பாலம் வந்ததில் எனக்கு மனம் நிறைந்த சந்தோஷம். ஆனால் பாலத்தில் போகிற பிள்ளைகளுக்கு, கீழே ஒரு பாதை ஓடியதும் அதை ஓட்டியவர் யார் என்பதும் தெரியாது.

தெரிந்துகொள்ள வந்தவள் ஒருத்திதான். அண்ணனின் மகள். 1991இல் தவழும் குழந்தை. இப்போது படிப்பிக்கிறாள், பாலத்தால் ஸ்கூட்டியில் தினமும் போய்வருகிறாள். போன மாதம் வீட்டுக்கு வந்து, துணியில் சுற்றிய ஒன்றை மேசையில் வைத்தாள். துருவேறிய கைபிடி. ஆலையிலிருந்து கொண்டுவந்த அப்பாவின் சாரன் மடிப்பில் இருந்ததாம். தாய் இவ்வளவு காலமும் பெட்டிக்குள் வைத்திருந்தாராம்.

"இது என்னத்துக்கு மாமா? அம்மாவுக்கும் சொல்லத் தெரியல்ல."

லிஸ்டர் இஞ்சினுடையது என்றேன். ஒற்றைச் சிலிண்டர், நான்தான் பூட்டியது. எப்படிச் சுற்றுவது என்று கேட்டாள். பெருவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வை, எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் பிடிக்காதே, பின்னுக்கு உதைத்தால் கை தப்பும் என்று காட்டினேன். கொப்பியில் எழுதிக்கொண்டாள். அப்பா எவ்வளவு உயரம், என்ன நிறச் சாரன் கட்டுவார், பாட்டுப் பாடுவாரா என்றெல்லாம் கேட்டாள். பாடமாட்டார், பிள்ளைகளிடம் காசு வாங்கமாட்டார் என்றேன். அதையும் எழுதினாள்.

"எந்தப் பக்கம் நிண்டு ஓட்டுவார்?"

"பின்னுக்கு, இடப்பக்கம். வலது கை சுக்கானில. முகம் எப்பவும் உங்கட கரையப் பாத்தபடி."